பால்மரத்துக்கும் பூஞ்சைக்கும் நடுவே ஒரு கடல்

உலகத்துக்கு வேண்டிய இயற்கை ரப்பரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ஆசியாவில்தான் விளைகிறது. தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம், மலேசியா, இலங்கை, கேரளம், நம் கன்னியாகுமரி மாவட்டம் என்று அந்த வரிசை நீளும். மரத்தின் பிறந்த வீடோ அமேசான் காடு. அங்கே இன்றும் காட்டு மரங்கள் உயிரோடு நிற்கின்றன. ஆனால் அதே மண்ணில், அதே மழையில், வரிசை பிடித்துத் தோட்டமாக நட்டால் மரம் தேறுவதில்லை. சூடோசெர்கோஸ்போரா உலெய் என்ற ஒரு பூஞ்சைதான் காரணம். 1900ஆம் ஆண்டை ஒட்டி அமேசானில் செடி சேகரித்துத் திரிந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் எர்ன்ஸ்ட் உலெயின் பெயர் அதற்கு வந்து சேர்ந்தது. அது உண்டாக்கும் நோயைத் தென்னமெரிக்க இலைக்கருகல் என்கிறார்கள்.

இந்தப் பூஞ்சை ஹெவியா பேரினத்து மரங்களைத் தவிர வேறெதையும் தொடாது. அதிலும் இளந்தளிர்தான் அதற்கு வேண்டும். ரப்பர் மரம் ஆண்டுக்கொரு முறை இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டுத் துளிர்க்கும். செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும் அந்தத் தளிரின் மேல் இரவு முழுக்க ஈரம் நின்றால் போதும், பூஞ்சையின் வித்து முளைத்து உள்ளே இறங்கிவிடும். இலை முற்றித் தடித்துவிட்டால் பூஞ்சையால் புகமுடியாது. ஆகவே மரத்துக்கும் பூஞ்சைக்கும் நடப்பது சில நாள் பந்தயம். தளிர் தோற்றால் சுருண்டு உதிரும். மரம் தன் சேமிப்பைச் செலவழித்து மறுபடி துளிர்க்கும். அந்தத் தளிரும் உதிரும். இப்படி மூன்று நான்கு முறை ஆனதும் கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கி, கடைசியில் மரமே பட்டுப்போகும்.

காட்டில் இது நடக்காததற்குக் காரணம் இடைவெளி. அங்கே ஒரு ரப்பர் மரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நூறு வேறு மரங்கள் நிற்கும். காற்றில் கிளம்பும் வித்தில் பெரும்பகுதி தனக்கு உதவாத இலையில் விழுந்து வீணாகும். தோட்டத்தில் அந்தத் தடுப்பு கிடையாது.

இதைப் பெரும் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவர் ஹென்றி ஃபோர்டு. தன் கார்களின் டயருக்கு ஆசியாவை நம்பியிருக்கக் கூடாது என்று 1927இல் பிரேசிலின் டபாஜோஸ் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை பெற்றார். அடுத்த ஆண்டே ஃபோர்டுலாண்டியா என்ற ஊர் எழுந்தது. மரங்கள் வளர்ந்து கிளையோடு கிளை தொட்ட சமயத்தில், 1930களின் நடுவில், இலைக்கருகல் வந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கம் பெல்டெரா என்ற இடத்தில் இரண்டாவது தோட்டம் போட்டார்கள். நிறையப் பால் தரும் ஆசிய ரகங்களையும் வரவழைத்து ஒட்டுக்கட்டிப் பார்த்தார்கள். அவையும் விழுந்தன. 1945இல் நிலம் பிரேசில் அரசுக்கே திரும்பிப் போனது.

ஆசிய ரகங்கள் விழுந்ததுதான் நம்மைக் கவலைப்பட வைக்க வேண்டிய செய்தி. ஆசியாவின் தோட்டங்களில் நிற்கும் கோடிக்கணக்கான மரங்களுக்கு இந்த நோயைத் தாங்கும் திறன் அநேகமாக இல்லை. அவை நோயை வென்று நிற்கவில்லை. நோய் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வராமல் போனது எப்படி? ஆங்கிலேயர் ஹென்றி விக்ஹாம் 1876இல் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். விதை எடுத்தது, பின்னாளில் ஃபோர்டு தோற்ற அதே டபாஜோஸ் பள்ளத்தாக்கில். கியூவின் கண்ணாடி வீடுகளில் முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. சில வாரங்களில் அந்த நாற்றுகளில் பெரும்பகுதி கொழும்புக்குக் கப்பலேறி ஹெனரத்கொடையில் நடப்பட்டது. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் போயின. தென்கிழக்காசியத் தோட்டங்களின் வம்சம் பெரும்பாலும் இந்தச் சிறு கூட்டத்தில் தொடங்கியதே. கியூவில் இருந்த யாருக்கும் இலைக்கருகலைப் பற்றித் தெரியாது. ஆனால் அவர்கள் செய்த வேலை இதுதான்: தளிரையோ ஒட்டுக்கிளையையோ கொண்டுவராமல் விதையை மட்டும் கொண்டுவந்தார்கள், சுற்றுவட்டாரத்தில் வேறு ரப்பர் மரமே இல்லாத குளிர்நாட்டில் அதை முளைக்கவைத்தார்கள், பிறகு நாற்றாக அனுப்பினார்கள். இந்தப் பூஞ்சை விதைக்குள் குடியிருப்பதில்லை. கடலும் கண்ணாடி வீடும் சேர்ந்து அதைக் கழித்துவிட்டன.

அதே ஆண்டுகளில் அதே இலங்கையில் எதிர்மாறான கதையும் நடந்துகொண்டிருந்தது. 1869இல் அங்கே காப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. தடுக்கச் சட்டமும் இல்லை, நோயைப் பற்றிய அறிவும் இல்லை. இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. தமிழகத்திலிருந்து போயிருந்த தொழிலாளர்களின் பிழைப்பும் சேர்ந்து ஆட்டம் கண்டது. அந்த இடத்தில்தான் தேயிலையும் ரப்பரும் வந்தன.

1876இல் தற்செயலாக நடந்ததை 1956இல் விதியாக எழுதினார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் தென்கிழக்காசிய, பசிபிக் நாடுகள் செய்துகொண்ட பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இந்த ஒரே நோய்க்கென்று தனிப் பின்னிணைப்பே இருந்தது. அதை முதன்முதல் படித்தபோது எனக்குப் பெரும் மரியாதை உண்டாயிற்று. அபாயப் பகுதியை அது நாடுகளின் பெயரால் குறிக்கவில்லை. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே, மேற்குத் தீர்க்கரேகை 30 பாகை முதல் 120 பாகை வரை என்று கட்டம் போட்டுக் குறித்தது. பூஞ்சைக்கு நாட்டின் எல்லை தெரியாது அல்லவா! அந்தக் கட்டத்துக்குள்ளிருந்து ஹெவியா செடி எதுவும் ஆராய்ச்சிக்கன்றி வரக்கூடாது என்றது அந்தப் பின்னிணைப்பு. வந்தாலும் நேராக வரக்கூடாது என்றது. ரப்பர் விளையாத வேறோர் இடத்தில், இடைத்தங்கல் நிலையத்தில், விதையைச் சுத்திகரித்துப் புதிய உறையில் கட்ட வேண்டியிருந்தது. ஒட்டுக்கிளையானால் அங்கே வளர்த்துக் கண்காணித்த பிறகே அனுப்ப வேண்டியிருந்தது. காகிதத்தில் ஒட்டிய உலர்ந்த இலைக்குக்கூட விலக்கு இருக்கவில்லை. வெப்பத்தால் கிருமிநீக்கம் செய்தாக வேண்டியிருந்தது.

இவ்வளவு கெடுபிடி ஆராய்ச்சியை முடக்காதா என்று கேட்கலாம். முடக்கவில்லை என்பதற்கு 1981 சான்று. ஆசிய ரப்பரின் குறுகிய வம்சத்தை அகலப்படுத்த, பன்னாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் குழு ஒன்று பிரேசிலின் ஆக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ பகுதிகளின் காடுகளில் ஏறத்தாழ 65,000 விதைகளைத் திரட்டியது. மலேசியாவுக்கு ஒதுக்கிய விதைகள் இங்கிலாந்து வழியாகச் சுத்திகரிக்கப்பட்டு வந்தன. ஒட்டுக்கிளைகள் கரீபியன் தீவான குவாதலூப்பில் தங்கவைத்துச் சோதிக்கப்பட்டன. விக்ஹாமின் கப்பல் போன சுற்றுவழியை இந்த முறை தெரிந்தே போனார்கள்.

எனக்கு உண்மையான அச்சம் தருவது வேகம். உலர்ந்த இடத்தில் இந்தப் பூஞ்சையின் வித்து நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரக்கணக்கில் போன கப்பல் அதற்கு எமன். விமானமோ பிரேசிலிலிருந்து ஆசியாவுக்கு ஓரிரு நாளில் வந்துவிடுகிறது. அதனால்தான் நோய்த் தோட்டத்தில் நடந்தவர்கள் ரப்பர் விளையாத நாட்டில் சில நாள் தங்கி, உடுப்பைத் துவைத்து, செருப்பு மண்ணைக் கழுவிவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்று அறிவுறுத்துகிறார்கள். சோதனைச் சாவடியில் ஒரு பயணி பொய் சொன்னால் அதைப் பிடிக்க வழியில்லை. இந்த அமைப்பு முழுக்க மனிதரின் ஒத்துழைப்பால்தான் நிற்கிறது. ஆசியத் தோட்டங்களுக்குப் புதிய நோய் வராது என்ற நம்பிக்கையும் ஏற்கெனவே தகர்ந்திருக்கிறது. 2016 முதல் சுமத்ராவில் பெஸ்டலோடியாப்சிஸ் எனப்படும் வேறொரு பூஞ்சை இலையுதிர்வை உண்டாக்கி, மலேசியா, தாய்லாந்து, இலங்கை என்று பரவியது.

மீறி வந்தே விட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். மலாயாவில் 1950களிலேயே விமானத்திலிருந்து மருந்து தெளித்து ரப்பர் மரங்களின் இலையை மொத்தமாக உதிரவைக்கும் சோதனைகள் நடந்தன. இலையே இல்லாவிட்டால் பூஞ்சை பட்டினி கிடந்து சாகும் என்பது கணக்கு. ஆனால் நோய் ஒரு மூலையில் இருக்கும்போதே கண்டுபிடித்தால்தான் இது பலிக்கும். அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்கள். அவர்கள் பார்க்க வேண்டியது இது: சுருங்கிய இளந்தளிரின் அடிப்பக்கம் ஆலிவ் பச்சைப் பொடி, தப்பி முற்றிய இலையின் மேல்பக்கம் வளையமாகக் கருப்புப் புள்ளிகள், விரலால் தடவினால் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு, பிறகு அந்த இடத்தில் ஓட்டை. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போகக்கூடாது. மரத்தை அப்படியே விட்டு, யாரையும் அருகே விடாமல், ரப்பர் வாரிய அலுவலரை அங்கேயே வரவழைக்க வேண்டும்.