மீளமைக்கப்படாத பழந்தானுந்து

மீளமைக்கப்படாத பழந்தானுந்து என்பது, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது பெற்ற வண்ணப்பூச்சு, இருக்கை, இயந்திரம் ஆகியவற்றைப் பெரும்பாலும் இழக்காமல் பல பத்தாண்டுகளைக் கடந்த தானுந்து (கார்) ஆகும். இத்தகைய வண்டியைப் புதிதுபோல் ஆக்குவதா, உள்ளபடியே காப்பதா என்பதே அதன் உரிமையாளர் எதிர்கொள்ளும் முதன்மையான கேள்வி. சுரண்டி எடுத்த முதல் வண்ணப்பூச்சைத் திரும்பப் பெற இயலாது. மீளமைப்பைத் தள்ளிப்போடலாம்; ஆனால் துரு காத்திருப்பதில்லை.

== மசில் கார்களும் இந்தியாவும் ==

பெரிய எட்டு உருளை இயந்திரம் பொருத்திய 'மசில் கார்' வகை அமெரிக்காவில் 1960களில் பரவலானது. 'புல்லிட்' (1968) திரைப்படத்தில் ஓடிய போர்டு மஸ்டாங் ஒன்று, 1974 முதல் ஒரே குடும்பத்தினரிடம் இருந்தது. மங்கிய பச்சை வண்ணத்துடன், மீளமைக்கப்படாமலேயே, 2020 சனவரியில் 37.4 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்தியாவில் 1950களிலிருந்து தானுந்து இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதால் இவ்வகை வண்டிகள் இங்கு மிக அரிது. தமிழகத்தில் இக்கேள்வி பெரும்பாலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளையொட்டி எழுகிறது. இது 1961 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்டது. இதன் நான்கு கதவு வடிவம் இந்தியாவிற்கே உரியது. ஹெரால்டின் உடற்பகுதி தனிச் சட்டகத்தின் மேல் மரையாணிகளால் பொருத்தப்பட்டிருப்பதால், முழுவதையும் கழற்றிப் பிரிப்பது எளிது. இந்த எளிமையே பலரைத் தேவைக்கு மேல் பிரிக்கத் தூண்டுகிறது எனலாம்.

== எதை மாற்றலாம் ==

உருளிப்பட்டை (டயர்), பிரேக் குழாய், ரப்பர் பட்டைகள், எண்ணெய் ஆகியவை தேய்ந்து மாற்றப்பட வேண்டியவையே. இவற்றைப் புதுப்பிப்பதால் வண்டியின் அசல்தன்மை குறைவதில்லை. புதுப்பிக்காமல் ஓட்டுவதுதான் ஆபத்து. சட்டகத்தைத் துரு துளைத்திருந்தால் அப்பகுதியை வெட்டிப் பற்றவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. டிங்கரிங் செய்து பட்டி பூசி மறைப்பது பழுதுபார்த்தல் ஆகாது. காந்தமொன்றை உடற்பகுதியில் வைத்துப் பார்த்தால், தடிப்பாகப் பட்டி பூசிய இடத்தில் அது சரிவர ஒட்டாது. பழைய வண்டி வாங்குவோர் இச்சோதனையைச் செய்வதுண்டு.

== பேரணாம்பட்டும் பழைய இருக்கைகளும் ==

பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் தோல் இருக்கைகள் இருந்தன. அவை கிழிந்தால் என்ன செய்வது என்பதற்கு வேலூர்ப் பகுதியின் தோல் தொழில் நல்ல விளக்கம் தருகிறது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் முற்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் தோல் பதனிடப்பட்டது. 1970களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்ட பின், குரோமிய உப்பால் பதனிட்டு முழுமையாக்கிய தோல் மேலோங்கியது. இவ்விரு தோல்களும் மணத்திலும், விறைப்பிலும், முதுமையடையும் விதத்திலும் வேறானவை. ஆகவே, தாவரப் பதனீட்டுத் தோல் இருந்த இருக்கைக்குக் குரோமியத் தோல் தைத்தால் அது அழகாக இருக்கலாம். பழைய இருக்கையாக இராது. தையல் பிரிந்த இடத்தை மட்டும் தைத்து, உட்புறத்தில் துணி ஒட்டித் தாங்கச் செய்வது நன்று. ஆனால் செந்நிறத் தூளாக உதிரத் தொடங்கிய தோலை மீட்க இயலாது.

ஆவாரம்பட்டையில் உள்ள டானின் வகைச் சேர்மங்கள் இரும்பின் துருவுடன் வினைபுரிந்து கருநிறப் படலத்தை உண்டாக்கும். துரு மாற்றிகள் சிலவற்றில் டானிக் அமிலம் சேர்க்கப்படுவதும் இதனாலேயே. மேற்பரப்புத் துருவிற்கு மட்டுமே இது பயன்படும்.

== சட்ட நிலை ==

2021 சூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, வணிகப் பயன்பாடற்ற இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் பழம்பெரும் (விண்டேஜ்) வாகனங்களாகப் பதிவு பெறலாம். சட்டகம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெருமளவு மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவெண்ணில் 'விஏ' எனும் எழுத்துகள் இடம்பெறும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை. எனவே ஹெரால்டில் வேறு நிறுவனத்தின் டீசல் இயந்திரத்தைப் பொருத்தியவர், வண்டி எவ்வளவு பளபளத்தாலும், இப்பதிவைப் பெறுவது கடினம்.