பளிங்கு மனிதன்: சிலையும் தொழிலாளியும்

தொழிலாளர் வர்க்கத்தின் பெயரால் ஆட்சி நடந்த நாடொன்றில் ஒரு தொழிலாளிக்கு நேர்ந்த கதியைக் கூறும் படைப்பென்றவுடனேயே அதனை எதிர்ப்பிரசாரமென ஒதுக்கிவிடும் மனப்பாங்கு முற்போக்காளராகிய நம்மிடையே இருந்து வந்துள்ளது. போலந்து நெறியாளர் அந்திரே வாய்தாவின் 'பளிங்கு மனிதன்' (1977) அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. அது எழுப்பும் வினா உழைப்பின் பக்கத்திலிருந்தே எழுகின்றது.

திரைப்பட மாணவி அக்னியெஸ்கா நூதனசாலையின் களஞ்சிய அறையிலே கைவிடப்பட்ட பளிங்குச் சிலையொன்றைக் காண்கிறாள். மத்தேயுஷ் பிர்க்குற் என்னும் மேசன் தொழிலாளியின் சிலை அது. கிராகோவ் நகருக்கருகில் 1949 இல் கட்டத் தொடங்கப்பட்ட நோவா ஹூத்தா என்னும் உருக்காலை நகரில், ஒரே வேலைமுறையில் 30,000க்கு மேற்பட்ட செங்கற்களைத் தன் குழுவினருடன் அடுக்கி வீரனாக்கப்பட்டவன் அவன். அச்சாதனை கமராவுக்காக முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டது என்பதைப் படம் மறைக்கவில்லை. அப்பிரசாரப் படத்தின் எழுத்தோட்டத்தில் உதவி நெறியாளராக வாய்தா தம் பெயரையே இட்டுள்ளார். குற்றச்சாட்டிலிருந்து தம்மை அவர் விலக்கிக்கொள்ளவில்லை.

படத்தின் மையம் ஒரு சூடான செங்கல் எனலாம். பிர்க்குற் ஊரூராகச் சென்று தன் வேகத்தைக் காட்டுகையில், நெருப்பிலே காய்ச்சிய கல்லொன்று அவன் கையிலே தரப்படுகிறது. கைகள் வெந்துபோகின்றன. அரசு இதனை நாசவேலை என்கிறது. ஆயின் அக்கல்லின் பொருளை நாம் வேறுவிதமாகவும் நோக்கவேண்டும். 1935 இல் சோவியத் சுரங்கத் தொழிலாளி ஸ்தகானொவ் ஒரே வேலைமுறையில் 102 தொன் நிலக்கரி வெட்டியதாக அறிவிக்கப்பட்டது. மறுவருடமே வேலையளவுகள் உயர்த்தப்பட்டன. ஒருவனது சாதனை ஏனையோருக்குக் கட்டாய அளவாகிறது. அதே கூலிக்குக் கூடுதல் வேலை. எனவே கல்லைக் காய்ச்சியவனும் தொழிலாளியாய் இருந்திருக்கலாம். இவ்வினாவைக் கேட்க அதிகாரம் துணியவில்லை. பிர்க்குற்றின் நண்பன் விற்றெக்கைக் கைது செய்கிறது. நண்பனுக்காக வாதாடப் புறப்பட்ட பிர்க்குற்றும் சிறை புகுகிறான். அவனது உருவப்படம் கீழிறக்கப்படுகிறது. சிலை எதிர்த்துப் பேசாது, மேசன் பேசிவிட்டான்.

1956 இன் பின் விடுதலையான அவனுக்கு நேர்ந்த முடிவைக் கூறத் தணிக்கை இடமளிக்கவில்லை. 1970 டிசம்பரிலே பால்டிக் கரை நகரங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடைபெற்றது. அந்நாள்களிலே பிர்க்குற்றும் மாண்டான் என்பதை 1981 இல் வெளிவந்த 'இரும்பு மனிதன்' படத்திலேதான் வாய்தாவினாற் காட்ட முடிந்தது. முதற் படத்திலோ, க்டான்ஸ்க் கப்பற் கட்டுந் தளத்தில் வேலைசெய்யும் மகனை அக்னியெஸ்கா சந்திக்கிறாள். தந்தை இறந்துவிட்டார் என்பதற்குமேல் அவன் எதுவும் கூறுவதில்லை.