இரட்டை மேஜர்: முதல்ல கூட்டிப் பாருங்க

"பிசிக்ஸ் மேஜர், பயாலஜி மைனர். அதையே இரட்டை மேஜரா மாத்திக்கலாமா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புகளுக்கான விதிமுறையைப் படித்தேன். எல்லாம் கூட்டல் கணக்குதான்.

மூன்றாண்டுப் பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட். மேஜருக்கு 60, மைனருக்கு 24. மொழி, திறன், பிற துறைப் பாடங்கள், கோடைப் பயிற்சி எல்லாம் சேர்த்து மீதி 36. ஆக, மைனர் 120-க்குள்ளேயே அடங்கிவிடும்.

இரட்டை மேஜர் வேண்டுமானால் இரண்டாவது துறையில் 40 சதவீதம், அதாவது 48 கிரெடிட் எடுக்க வேண்டும். 60-ம் 48-ம் 108. மிச்சம் இருப்பது 12தான். பொதுப் பாடங்களோ 36 கேட்கின்றன. இடிக்கிற அந்த 24 எங்கிருந்து வரும்? 46 எடுத்து நின்றுவிட்டால், அவ்வளவு படித்தும் இரட்டை மேஜர் கிடையாது.

அதனால் சேரும்போதே கல்லூரியில் கேளுங்க: கூடுதல் கிரெடிட்டை எந்த செமஸ்டரில் எடுக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, கடைசித் தேதி எது? பதிலை எழுத்தில் வாங்கிக்கங்க.

இன்னொன்று: இரட்டை மேஜர் முடித்தாலும் கையில் கிடைப்பது ஒரே பட்டம்தான். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யுஜிசி அனுமதித்தது வேறு விதி. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.