தேன்கூட்டுக் குன்றுகள்



பாறை என்றதும் நம் மனத்தில் எழுவது உறுதி என்னும் எண்ணமே. நிலைபேற்றுக்கு உவமை தேடுவோர் மலையையும் பாறையையுமே நாடுவர். ஆயினும், மனிதனின் காலடி பட்டாலே உதிரக்கூடிய பெருங்குன்றுகளும் உலகில் உண்டு. மேற்கு அவுஸ்திரேலியா மாநிலத்தின் வடபால், கிம்பர்லிப் பிரதேசத்தில் எழுந்து நிற்கும் பங்கிள் பங்கிள் மலைத்தொடர் அத்தகையது.

அங்குச் செல்வது எளிதன்று. பெருந்தெருவிலிருந்து பிரிந்து செல்லும் 53 கிலோமீற்றர் மண்பாதை ஓடைகளையும் மேடுபள்ளங்களையும் ஊடறுத்துச் செல்கிறது. நான்கு சில்லுகளும் உந்துவிசை பெறும் வாகனங்களே அதில் செல்ல முடியும். மாரிகாலத்தில் அப்பாதையும் மூடப்படும். ஆதலால், பயணிகள் பலர் ஹெலிகொப்டரில் ஏறி, அரைமணி நேரமளவில் இக்குன்றுகளை வானிலிருந்து கண்டு திரும்புகின்றனர்.

மலைப்பிளவுகளினுள்ளே நடப்பவனுக்கு இருபுறமும் சுவர்களும் மேலே ஒரு கீற்று வானமுமே தெரியும். வானிலேறியவனுக்கோ மலையின் முழு அமைப்பும் விளங்கும். சமவெளியிலிருந்து 250 மீற்றர் வரை உயர்ந்த குவிமாடங்கள், ஒன்றையொன்று நெருங்கி, நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அவற்றின் மேனியெங்கும் செம்மஞ்சளும் கருமையுமான வரிகள் மாறி மாறி ஓடுகின்றன. மேனாட்டார் முற்காலத்தில் வைக்கோலால் முடைந்து வைத்த தேன்கூடுகளின் வடிவத்தை இவை ஒத்திருப்பதால், தேன்கூட்டுக் குன்றுகள் என்று பெயர்பெற்றன. நம்மவர் கண்டால் கறையான் புற்றுகளை நினைக்கக்கூடும்.

இவை தோன்றிய வரலாறு நெடியது. ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆறுகள் கொணர்ந்து குவித்த மணல், படைபடையாக இறுகி மணற்கல்லாயிற்று. பின்னர் நிலம் மேலெழுந்தது. பாறையில் வெடிப்புகள் தோன்றின. கடந்த 2 கோடி ஆண்டுகளாக மழைநீர் அவ்வெடிப்புகளின் வழியே பாய்ந்து, அவற்றை அகழ்ந்து, இடைநின்ற பாகங்களை உருட்டித் திரட்டிக் குவிமாடங்களாக்கியது.

வரிகளின் காரணம் இன்னும் வியப்பானது. சில படைகளில் களிமண் மிகுதி; அவை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அவ்வீரத்தில் சயனோபற்றீரியா என்னும் நுண்ணுயிர்கள் படர்ந்து கருநிறத் தோலாக மூடுகின்றன. ஏனைய படைகள் விரைவில் உலர்ந்துவிடுவதால் அங்கு அவ்வுயிர்கள் வாழ்வதில்லை. இரும்புத் துருவே படிந்து செந்நிறம் தருகிறது. இவ்விரு தோல்களும் சில மில்லிமீற்றர் கனமுடையனவே. ஆயினும் உள்ளிருக்கும் தளர்ந்த மணற்கல்லைக் காப்பவை அவையே. இக்கல் மேலிருந்து அழுத்தும் பெரும்பாரத்தைத் தாங்கும். தோல் உடைந்தாலோ மணலாய் உதிரும். எனவேதான் குன்றுகளின்மீது ஏறுவது தடுக்கப்பட்டுள்ளது.

1983ஆம் ஆண்டில் ஆவணப்படம் எடுக்கச் சென்ற குழுவினர் வானிலிருந்து பிடித்த காட்சிகளாலேயே வெளியுலகம் இம்மலையை அறிந்தது. 1987இல் இது பூர்னுலுலு தேசியப் பூங்காவாயிற்று. 2003இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அதற்காக, 1983இல் இது கண்டுபிடிக்கப்பட்டது எனல் பொருந்தாது. கிஜா, ஜாரு என்னும் ஆதிக்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இம்மண்ணை அறிந்தவர்கள். பூர்னுலுலு என்பதே மணற்கல்லைக் குறிக்கும் கிஜா மொழிச் சொல். மலை அறியப்படாதிருந்தது உண்மையன்று. அதனை அறிந்தவர்களிடம் வெளியுலகத்தார் கேளாதிருந்ததே உண்மை.

அறியாதார் கைப்பட்ட நிலம் என்னாகும் என்பதற்கும் இங்கேயே சான்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த குடியேறிகள் இம்மலையைச் சூழ்ந்த ஓர்ட் ஆற்றுப் புல்வெளிகளில் மாட்டு மந்தைகளைப் பெருக்கினர். புல் அழிந்தது, வேரற்ற மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றது. 1967இல் அரசு அந்நிலத்தை மீள்வளர்ப்புக்கென ஒதுக்கியது. பின்னர் ஆயிரக்கணக்கான மாடுகளும் கழுதைகளும் அகற்றப்பட்டன. புல்லும் சிறிது சிறிதாகத் திரும்பியது. புல்லுக்குத் திரும்பும் ஆற்றலுண்டு; உதிர்ந்த குன்றுக்கு அது இல்லை.

ஹெலிகொப்டரும் குற்றமற்றதன்று. அதன் பேரிரைச்சல், கீழே அமைதியை நாடி நடப்போரின் செவிகளை எட்டவே செய்யும். எனினும், பாறையின் மெல்லிய தோலைத் தீண்டாமல் அதன் முழு வடிவையும் அது காட்டுகிறது. அருகிற் சென்று தொட்டுப் பார்த்தாலன்றி ஒன்றை அறியமுடியாது என்று நாம் எண்ணுவதுண்டு. சில பொருள்களுக்கோ, எட்ட நின்று காண்பதே நாம் செய்யக்கூடிய மரியாதையாகும்.