கடும் நிறம் கேட்கும் வாடிக்கையாளரும் தேங்கி நிற்கும் டின்களும்

முன்பெல்லாம் எமது வீடுகளில் குசினிக்கென்று தனியாக நிறம் தெரிவு செய்யும் வழக்கம் இருக்கவில்லை. ஹோலுக்கும் அறைகளுக்கும் அடித்து மிஞ்சிய பெயின்ட்தான் குசினிச் சுவருக்குப் போகும். அதுவும் இல்லாவிட்டால் சுண்ணாம்பு. விறகடுப்புப் புகையில் சில மாதங்களில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும் என்பதால் யாரும் அதனைப் பெரிதாக எடுத்துக்கொண்டதுமில்லை. காஸ் அடுப்பும் பன்ட்ரி கபட்டும் வந்த பின்னர் நிலைமை மாறிவிட்டது. வசதியுள்ள வீடுகளில் முன்னால் பார்வைக்கு ஒரு பன்ட்ரி, பின்னால் உண்மையான சமையலுக்கு ஒரு அடுப்படி என்று இரண்டு இருக்கின்றன. அந்த முன் பன்ட்ரிக்குத்தான் செம்மஞ்சள், கடும் சிவப்பு, மயில் நீலம், கிளிப்பச்சை என்று கேட்டு வருகின்றனர்.

ஹாட்வெயார் வியாபாரத்தில் நீண்ட காலமாக இருப்பவன் என்ற வகையில், இந்தக் கடும் நிறங்கள் நல்ல வியாபாரத்தையும் பெரிய தலையிடியையும் ஒன்றாகவே கொண்டு வருகின்றன என்று சொல்வேன். வெள்ளையும் கிறீமும் விற்றால் யாரும் திரும்பி வந்து சண்டை பிடிப்பதில்லை. சிவப்பு விற்றால் நான்கில் ஒருவராவது, "கட்டையில் பார்த்த கலர் இது இல்லையே" என்று வந்து நிற்பார். கலந்த டின்னை நாம் திருப்பி எடுக்கவும் முடியாது, அவரைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே கடும் நிறத்தை விற்பவர் அதன் தன்மையை வாடிக்கையாளரைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டியுள்ளது.

முதலில் முதலீட்டைப் பார்ப்போம். கம்பனியிலிருந்து தயார் நிலையில் வரும் கலர் டின்களை வைத்து வியாபாரம் செய்பவர் 20 நிறங்களை, மூன்று அளவுகளில், ஒவ்வொன்றிலும் நான்கு டின் வீதம் வைத்திருந்தால் தட்டில் 240 டின்கள் நிற்கின்றன. அதில் ஓடுவது ஐந்தாறு நிறங்கள் மட்டுமே. ஏனையவை மூடி துருப்பிடிக்கும் வரை இருக்கும். போட்ட காசும் அப்படியே இருக்கும். கலர் கலக்கும் இயந்திரம் வைத்திருப்பவரோ மூன்று நான்கு வகை பேஸ் டின்களையும், பத்துப் பதினைந்து சாயக் குப்பிகளையும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான நிறங்களை விற்கிறார். விற்ற பின்னரே நிறம் உருவாகின்றது என்பதுதான் இதிலுள்ள நன்மை. ஆனால் இயந்திரத்திற்கும் பராமரிப்பு உண்டு. சாயம் அடியில் படியாமல் தினமும் கலக்க வேண்டும், குழாய் நுனிகளைத் துடைக்க வேண்டும், அளவு சரிதானா என்று இடைக்கிடையே பரிசோதிக்க வேண்டும். குழாய் நுனி அடைபட்டிருந்தால் இன்று கலந்த டின்னும் அடுத்த வாரம் கலந்த டின்னும் ஒரே நிறமாக வராது. இயந்திரத்தைக் கம்பனி தருவதாக இருந்தால், மாதாந்தம் இவ்வளவு சரக்கு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

அடுத்ததாக பேஸ் விடயம். கவுண்டரில் நிற்கும் பையன்கள் பலருக்கு இது சொல்லிக் கொடுக்கப்படுவதில்லை. பெயின்ட்டில் சுவரை மறைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது டைட்டேனியம் டையொக்சைட் எனும் வெண்ணிறப் பொடி. இளம் நிறங்களுக்கான பேஸில் இது நிறைய இருக்கும். கடும் நிறங்களுக்கான 'டீப்' பேஸில் குறைவாகவோ, சிலவற்றில் இல்லாமலோ இருக்கும். ஏனெனில் அந்த வெண்மை இருந்தால் எவ்வளவு சிவப்பை ஊற்றினாலும் ரோஸ் நிறம்தான் வரும். ஆகவே கடும் நிறத்தில் மறைக்கும் வெண்பொடியும் குறைவு, ஊற்றும் பளிச்சிடும் சிவப்பு, மஞ்சள் சாயங்களும் பெரும்பாலும் ஒளி ஊடுருவக் கூடியவை. இரண்டு பூச்சில் முடிய வேண்டிய சுவர் மூன்று நான்கு கேட்பதற்கு இதுவே காரணம். பெயின்ட் பாஸ், "சாமான் சரியில்ல ஹாஜியார், மறைக்குதில்ல" என்று குறை சொல்வதும் இதனால்தான். சாமானில் பிழையில்லை. அடியில் சாம்பல் நிறமாகவோ, அதே நிறத்தின் சாயலிலோ கலந்த அடிப்பூச்சு ஒன்று கொடுத்தால் ஒரு பூச்சாவது மிச்சமாகும். இதனை டின் விற்கும்போதே சொல்லிவிட்டால் பிறகு வரும் வாக்குவாதம் இல்லை, அடிப்பூச்சு டின் ஒன்றும் சேர்ந்து விற்பனையாகும்.

காவி, செங்கல் நிறம், கடுகு மஞ்சள் போன்றவை வேறு ரகம். அவை இரும்பு ஒக்சைட்டிலிருந்து வருபவை. நன்றாக மறைக்கும், வெயிலில் இலகுவில் மங்காது, சாயச் செலவும் குறைவு. பளிச்சென்ற செம்மஞ்சளுக்கும் செங்கல் நிறத்துக்கும் இடையில் தடுமாறும் வாடிக்கையாளருக்கு நான் எப்போதும் செங்கல் நிறத்தின் பக்கமே கையைக் காட்டுவேன். பின் கதவால் மாலை வெயில் விழும் குசினியாக இருந்தால் இன்னும் அழுத்திச் சொல்வேன்.

இனி அளவு. நான்கு சுவருக்கும் கடும் நிறம் அடிக்க வேண்டும் என்று வருபவரை ஒரு சுவரோடு நிறுத்துவது எமக்கு நட்டம் போலத் தோன்றலாம். கணக்குப் பார்த்தால் அப்படியல்ல. பத்துக்குப் பத்து அடி குசினியில், ஒன்பதடி உயரமான ஒரு சுவர் 90 சதுர அடி. சமமான சுவரில் ஒரு லீற்றர் இமல்ஷன் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 முதல் 130 சதுர அடி வரை போகும். மூன்று பூச்சுக்கு ஒரு 4 லீற்றர் டின் தாராளமாகப் போதும். நான்கு சுவரென்றால் கதவு, ஜன்னல் கழித்து 300 சதுர அடி, மூன்று பூச்சுக்கு எட்டு ஒன்பது லீற்றர். நாம் அதிகம் விற்கலாம் என்பது உண்மை. ஆனால் நான்கு சிவப்புச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் வீசும். கட்டையில் பார்த்ததைவிட நிறம் பல மடங்கு கடுமையாகத் தெரியும். சிறிய குசினி இன்னும் சிறுத்துப் போகும். மூன்று மாதத்தில் அவர் வெள்ளை அடித்து மூடுவார், மூடும்போது உங்கள் கடைப் பெயரையும் சேர்த்தே சொல்லுவார். ஒரு சுவர் மட்டும் அடித்தவரோ அயல் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

இதற்குப் புறக்கோட்டையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908இல் கட்ட ஆரம்பித்து 1909இல் நிறைவுற்ற ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை, சம்மாங்கோட்டுப் பள்ளியை, அறியாத வர்த்தகர் இருக்க முடியாது. நூறாண்டுக்கு மேலாகியும் அந்தச் சிவப்பு கண்ணை உறுத்தவில்லை. சிவப்பு எங்குமே தனியாக நிற்கவில்லை, வரியாகவும் கட்டமாகவும் சுருளாகவும் வெள்ளை அதனைப் பிரித்துக்கொண்டே போகிறது. குசினியிலும் அதுவே கணக்கு. சிவப்புச் சுவருக்கு வெள்ளைக் கபட், மயில் நீலக் கபட்டுக்கு வெள்ளைச் சுவர்.

புடைவைக் கடைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. 2022இல் காலமான பார்பரா சன்சோனி, கிராமத்துப் பெண்களின் கைத்தறியை வைத்து 1960களில் தொடங்கிய 'பெயார்ஃபூட்' நிறுவனம், கடும் நிறங்களை அருகருகே வைத்து நெய்த துணிகளால்தான் பெயரெடுத்தது. கொழும்பு காலி வீதியில் மெத்தை உறையாகவும் மேசை விரிப்பாகவும் அந்த நிறங்களை உல்லாசப் பயணிகள் தேடி வாங்குகிறார்கள். சுவருக்குச் சிவப்பு அடிக்கப் பயப்படும் குடும்பம் ஜன்னல் திரைக்குச் சிவப்பு வாங்கும். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம் அல்லவா. பெயின்ட் கடையும் புடைவைக் கடையும் ஒரே தெருவில் இருந்தால், ஒருவர் மற்றவரிடம் ஆளை அனுப்புவதில் இருவருக்கும் வரவுதான்.

நிறம் மாறித் தெரிவது பற்றிய முறைப்பாடுகளுக்குப் பெரும்பாலும் வெளிச்சமே காரணம். கடைகளில் நாம் போடுவது 6500 கெல்வின் கொண்ட வெள்ளை மின்குமிழ், அதில் நீலச் சாயல் அதிகம். வீட்டில் அவர்கள் மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 அல்லது 3000 கெல்வின் மின்குமிழ் போட்டிருந்தால் சிவப்பு இன்னும் சூடாகும், நீலம் மங்கிப் பச்சைப் பக்கம் சாயும். வரும் வாடிக்கையாளருடன் பேச்சு ஏறத்தாழ இப்படித்தான் போகும்:

"நானா, போன்ல இருக்கிற இந்தக் கலர்தான் வேணும்."

"போன்ல இருக்கிறது வெளிச்சம், தங்கச்சி. சுவர்ல அப்படியே வராது. குசினிக்கு வெயில் எந்தப் பக்கத்தால வருது? இரவைக்கு என்ன பல்ப் போடுறீங்க?"

இரண்டு கேள்விகள்தான். அதன் பிறகு கால் லீற்றர் அளவிலான மாதிரியைக் கலந்து கொடுத்து, இரண்டடிக்கு இரண்டடி ஹாட்போட் துண்டில் இரண்டு பூச்சு அடித்து, காலை, பகல், இரவு மூன்று நேரமும் அதே சுவரில் சாய்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். மாதிரிக்குக் காசு வாங்குங்கள், பெரிய டின் எடுக்கும்போது கழித்துவிடுங்கள். இலவசமாகக் கொடுத்தால் பத்து நிறம் கேட்பார்கள்.

குசினிக்கு மெட் பூச்சை, அதுவும் கடும் நிறத்தில், கொடுப்பதை நான் விரும்புவதில்லை. எண்ணெய் தெறித்த இடத்தைத் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் பளபளத்து வேறாகத் தெரியும். கழுவக்கூடிய சில்க் அல்லது செமி குளோஸ் வகையே பொருத்தம். புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவரை ஆகக் குறைந்தது 28 நாட்களாவது காயவிட்டு, காரத்தைத் தாங்கும் பிரைமர் அடித்த பின்னரே நிறம் ஏற்ற வேண்டும். ஈரச் சுவரிலிருந்து வெளிவரும் வெள்ளை உப்பு கிறீம் நிறத்தில் தெரியாது, கடும் நீலத்தில் வரைபடம் போலத் தெரியும். பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதுச் சுவருக்குக் கடும் நிறம் கேட்டு வருபவருக்கு, இப்போதைக்கு வெள்ளை பிரைமரோடு பெருநாளைக் கழியுங்கள் என்று சொல்லும் துணிவு எமக்கு வேண்டும்.

டைல்ஸ் விற்பவர்கள் பெட்டியிலுள்ள ஷேட் இலக்கம் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றுதானா என்று ஏற்றும் முன் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பெயின்ட்டிலும் இரண்டு டின் போனால் இரண்டையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலந்து அடிக்கும்படி பாஸிடம் சொல்லியனுப்புங்கள். நிறக் குறியீடு, பேஸ் வகை, திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் பதிந்து வாடிக்கையாளரின் கையொப்பத்தை வாங்கிய பின்னரே இயந்திரத்தை இயக்குவது எமது கடையின் வழக்கம். ஆறு மாதம் கழித்து ஒரு மூலைக்கு மட்டும் அடிக்க ஒரு லீற்றர் கேட்டு வரும்போது அந்தக் கொப்பியே எம்மைக் காப்பாற்றுகிறது.

கடைசியாக ஈயம். பளிச்சென்ற மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பச்சை எனமல்களில் ஒரு காலத்தில் ஈயக் குரோமேட் சேர்க்கப்பட்டது. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2011இல் வர்த்தமானி மூலம் எல்லை விதித்து, 2013 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது எனமலுக்கு 600 பிபிஎம், இமல்ஷனுக்கு 90 பிபிஎம் என்று வரையறுக்கப்பட்டது. பெயர் தெரியாத மலிவு எனமலை, அதிலும் மஞ்சளையும் சிவப்பையும், விலைக்காக மட்டும் எடுத்து வைக்காதீர்கள். ஈயம் சேர்க்கப்படவில்லை என்று டின்னிலேயே குறிப்பிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பழைய குசினிக் கதவுக்கும் ஜன்னலுக்கும் புது நிறம் அடிக்க வருபவரிடம், 2013க்கு முன் அடித்த எனமலா என்று கேளுங்கள். அப்படியென்றால் உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசு கிளப்பாமல், தண்ணீர் நனைத்து வோட்டர் பேப்பரால் தேய்க்கவும், வேலை முடியும் வரை பிள்ளைகளை வேறு அறையில் வைத்திருக்கவும், விழுந்த தூளைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து எடுக்கவும் சொல்லியனுப்ப வேண்டும். வோட்டர் பேப்பரை டின்னோடு சேர்த்தே பையில் போட்டுவிடுங்கள்.