பனி பெய்கிறதா?

மார்கழி இரவில் முற்றத்தில் நின்றால், “பனி பெய்யுது, தலையில துண்டைப் போட்டுக்கோ” என்று அப்பத்தா அதட்டுவதை நம் செட்டிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். மழை மேகத்திலிருந்து பெய்கிறது. பனி எங்கிருந்து பெய்கிறது?

இக்கேள்வி எனக்கு உதகையில் எழுந்தது. ஒரு தை மாதம் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். விடியற்காலையில் விடுதியின் முன்னிருந்த புல்தரை உப்புத் தூவியதுபோல் வெளுத்திருந்தது. தொட்டால் நொறுங்கியது; உறைபனிதான். ஆனால் தாழ்வாரத்தில் தொங்கவிட்ட வெப்பமானி 3 டிகிரி செல்சியஸ் காட்டியது. “சார், தண்ணீர் 0 டிகிரியில்தானே உறையும்? வெப்பமானி பொய் சொல்கிறதா?” என்றான் ஒரு மாணவன். வெப்பமானி பொய் சொல்லவில்லை. எப்படி என்று பார்ப்போம்.

உயரம் மட்டும் போதுமா?

காரைக்குடி கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. உதகையின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். ஒரு கிலோமீட்டர் மேலே சென்றால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆகவே உதகை நம்மூரைவிட ஏறத்தாழ 14 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். தை மாத இரவில் இங்கே 20 டிகிரி என்றால் அங்கே 6 டிகிரி இருக்கும். 6 டிகிரியில் தண்ணீர் உறையாது அல்லவா? மிச்சமுள்ள குளிர்ச்சிக்கு வேறொரு காரணம் இருக்க வேண்டும்.

வெப்பம் எங்கே போகிறது?

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. 7 டிகிரியில் உள்ள தரை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 350 வாட் வெப்பத்தை வான்நோக்கி அனுப்புகிறது. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அதில் ஒரு பகுதியை உட்கொண்டு, தாமும் கதிர்களை வெளிவிட்டுத் தரைக்கு வெப்பத்தைத் திருப்புகின்றன. தெளிந்த, வறண்ட வானம் திருப்பித் தருவது 250 வாட் அளவுதான். எஞ்சிய 100 வாட் நட்டம்! பகலில் இதைச் சூரியன் ஈடுசெய்துவிடும். இரவில் ஈடுசெய்ய யாரும் இல்லை.

மேகம் இருந்தால் அது போர்வைபோல் வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். ஆகவேதான் மேகமூட்டமான இரவில் குளிர் குறைவு.

புல்லின் இதழ் மெல்லியது. அதில் சேமித்த வெப்பம் மிகக் குறைவு. புற்களிடையே அடைபட்ட காற்று, மண்ணிலிருந்து வெப்பம் மேலே வராமல் தடுக்கிறது. எனவே புல் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். என் வெப்பமானி கூரையின் கீழ் ஆளுயரத்தில் இருந்தது. அது சொன்னது காற்றின் வெப்பநிலை. புல்லின் வெப்பநிலையோ 0 டிகிரிக்கும் கீழே! வானிலை நிலையங்களில் காற்றின் வெப்பநிலையை அளக்கும் பெட்டியைத் தவிர, புல்மட்டக் குளிரை அளக்கத் தனி வெப்பமானி வைப்பதும் இதனால்தான்.

இரண்டு பழைய சான்றுகள்

உறைநிலைக்குக் குளிராத காற்றிலேயே பனிக்கட்டி உண்டாக்கும் வித்தை நம் நாட்டில் முன்பே இருந்தது. அலகாபாத்தில் குழி தோண்டி, அதில் கரும்பு அல்லது சோளத் தட்டைகளைப் பரப்பி, மேலே ஆழமற்ற மண்தட்டுகளில் நீரூற்றி வைப்பார்கள். தெளிந்த, காற்றில்லாத இரவு கழிந்து பார்த்தால் நீர் உறைந்திருக்கும். ராபர்ட் பார்க்கர் என்பவர் இதை விவரித்து எழுதிய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1775இல் வெளிவந்தது.

லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814இல் பனித்துளி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கம்பளி உரோமத்தை எடைபோட்டு இரவில் வெளியே வைத்து, காலையில் எவ்வளவு நனைந்தது என்று அளந்தார். மேற்புறம் திறந்த மண்குழாய் ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதனுள்ளும் உரோமத்தை வைத்தார். பனி மழைபோல் நேரே கீழே விழுமானால் குழாய்க்குள்ளும் சமமாக நனைந்திருக்க வேண்டும். ஆனால் மிகக் குறைவாகவே நனைந்திருந்தது. குழாயின் சுவர் வானத்தை மறைத்ததால் உரோமம் அவ்வளவாகக் குளிரவில்லை.

ஆக, பனி மேலிருந்து பெய்வதில்லை. வெப்பம்தான் மேலே போகிறது. குளிர்ந்த பொருளின்மீது காற்றிலுள்ள நீராவி படிகிறது. அது நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். 0 டிகிரிக்கு மேலேயே படிந்தால் பனித்துளி. அதற்கும் கீழே போன பின் படிந்தால் உறைபனி. இமயத்தில் மேகத்திலிருந்து உதிரும் வெண்பனி இவற்றினின்றும் வேறானது.

காரைக்குடியில் ஏன் உறைபனி இல்லை?

நம்மூர்க் காற்றில் ஈரம் மிகுதி. சற்றுக் குளிர்ந்ததுமே துளி படிந்துவிடும். நீராவி நீராகும்போது உள்ளுறை வெப்பத்தை வெளிவிட்டு, மேலும் குளிர்வதைத் தாமதப்படுத்தும். நீலகிரியிலோ வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் காற்று வறண்டு வானம் தெளிந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் வழிந்து தாழ்வான இடங்களில் தேங்கும். காந்தள், தலைகுந்தா போன்ற இடங்களில் உறைபனி மிகுதியாகக் காணப்படுவதை நாளிதழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

ஒரு வரியின் மதிப்பு

“நீலகிரி மாவட்டத்திலும் கொடைக்கானலிலும் உறைபனிக்கு வாய்ப்பு” என்று சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் அறிவிக்கும் ஒரு வரியை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். தேயிலை விவசாயி அப்படிக் கடக்க முடியாது. இலையின் உயிரணுக்களில் உள்ள நீர் உறைந்து அவற்றைச் சிதைத்துவிடும். வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடும். கொழுந்து இல்லாவிட்டால் பறிப்பவருக்கு வேலை ஏது, கூலி ஏது?

முன்கூட்டியே அறிந்தால் நாற்றுகளை வைக்கோலால் மூடலாம். மூடி வானத்தை மறைத்துவிடும். தெளிப்பான்களால் நீர் தெளிப்பதும் உண்டு. ஒரு கிராம் நீர் உறையும்போது 334 ஜூல் வெப்பம் வெளிவருகிறது. அது இலையை 0 டிகிரிக்குக் கீழே போகாமல் காக்கும். ஆனால் வெயில் வந்து பனி உருகும்வரை தெளிப்பதை நிறுத்தக் கூடாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அன்றிரவு என் மாணவர் சிலர் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்த முயன்றனர். நான் தடுத்துவிட்டேன். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மலையூருக்குப் போகும்போது இதை மறவாதீர்கள்.

நீங்களே கணியுங்கள்

மொட்டைமாடியில் வைக்கோல் பரப்பி, இரண்டு கண்ணாடித் துண்டுகளை வையுங்கள். ஒன்று திறந்த வானின் கீழ், மற்றது ஒரு பெஞ்சின் கீழ். எவர்சில்வர் தட்டு வேண்டாம். பளபளப்பான உலோகம் வெப்பத்தைக் குறைவாகவே வெளிவிடும். மாலையில் மூன்றைக் கவனியுங்கள்: வானம் தெளிவா? காற்று அசையாதிருக்கிறதா? ஈரம் எவ்வளவு? “நாளைக் காலை துளி படியும்” அல்லது “படியாது” என்று எழுதி வைத்து, விடிந்ததும் சரிபாருங்கள். மார்கழி முப்பது நாளும் செய்தால், முப்பதில் எத்தனை சரி என்று தெரிந்துவிடும்.

அப்பத்தா சொன்ன துண்டு? வானத்திற்கும் உங்கள் தலைக்கும் இடையே அது ஒரு மறைப்பு. காரணம் வேறாயினும் அறிவுரை சரிதான், போட்டுக்கொள்ளுங்கள்.