பழைய ஜீப்பும் பற்றுவரவுக் கணக்கும்

கடையில் இருக்கும் சரக்குக்குக் கணக்கு வைத்திருக்கிறோம். கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தனித்தனிக் கொப்பி வைத்திருக்கிறோம். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் வாகனத்துக்கு எம்மில் எத்தனை பேர் கணக்கு வைத்திருக்கிறோம்? இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டுக் கொண்டது ஒரு பெரிய நட்டத்துக்குப் பிறகுதான். அந்த நட்டம் இன்னொரு வியாபாரிக்கு ஏற்படக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

எனது ஹார்ட்வெயார் கடை அக்குறணையில் இருக்கிறது. வாகனம் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஜப்பானில் தயாரான 2500 சீசீ டர்போ டீசல் ஜீப். வாரம் ஒரு முறை கொழும்பு புறக்கோட்டைக்குப் போய்ச் சில்லறைச் சாமான்கள் ஏற்றி வருவதும் அதில்தான். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதும், குடும்பத்தோடு கல்யாண வீடுகளுக்குப் போவதும் அதில்தான்.

2019 டிசம்பரில் ஒரு நாள் உம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கொழும்பில் ஒரு வைபவத்துக்கு வந்திருந்தார்கள். திரும்பும்போது பின்பக்கம் நிறையக் குழாய்ச் சாமான்களையும் ஏற்றிக் கொண்டேன். மாவனல்லை வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லொறியொன்றின் பின்னால் ஊர்ந்து போகும்போது வெப்பமானியின் ஊசி மெதுவாக மேலே ஏறியது. "இன்னும் இரண்டு மூன்று வளைவுதானே" என்று நினைத்து நான் நிறுத்தவில்லை. அடுத்த வளைவில் முன்பக்கம் முழுவதும் ஆவி. இரவு பதினொரு மணி வரை வயதான உம்மாவும் சிறு பிள்ளைகளும் வீதியோரத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

மறுநாள் கராஜில் பாஸ் இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "நானா, ஊசி ஏறின உடனே நிப்பாட்டியிருந்தீங்கண்டா ஒரு விசிறிக் கிளச்சோட முடிஞ்சிருக்கும். இப்ப ஹெட் வெடிச்சிட்டு."

விசிறிக் கிளச் தளர்ந்திருப்பதாக மூன்று மாதங்களுக்கு முன்னரே அவர் சொல்லியிருந்தார். "சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டவன் நான்தான். மிச்சம் பிடிக்க நினைத்த தொகையைப் போலப் பல மடங்கைக் கட்டினேன். வாகனம் ஐந்து வாரம் கராஜில் நின்றது. அந்த ஐந்து வாரமும் சரக்கு ஏற்ற வாடகை வேன் பிடித்த செலவு வேறு.

சூடேறுவது ஏன்?

இவ்வகை டீசல் இயந்திரங்கள் பலவற்றில் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு. மேலே இருக்கும் ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் விரியும் அளவு வேறுபடும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் ஹெட் வளைகிறது, அல்லது வெடிக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள கெஸ்கட் எரிகிறது. ஆகவே ஊசி நடுவைத் தாண்டினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுமையாகத் திறந்து விடுங்கள். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டர் போல வேலை செய்து சூட்டை வெளியேற்றும். பாதுகாப்பான முதல் இடத்திலேயே ஓரமாக நிறுத்துங்கள். ஆவி வந்தால் உடனே இயந்திரத்தை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். குளிர்ந்த நீரை இயந்திரத்தின் மேல் ஊற்றுவதும் ஹெட்டை வெடிக்க வைக்கும்.

எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி நோய் புரிந்துவிடும். மெதுவாகப் போகும் ஏற்றத்திலும் நெரிசலிலும் மட்டும் சூடேறி, வேகமாக ஓடும்போது இறங்கினால் விசிறிப் பக்கம் பாருங்கள். இயந்திரம் அணைந்து ஆறியிருக்கும்போது விசிறியைக் கையால் சுற்றுங்கள். சற்று இறுக்கமாகச் சுற்றி நின்றால் நல்லது. காற்றாடி போலப் பல சுற்று ஓடினால் கிளச்சினுள் இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் கசிந்து போயிருக்கும். இதற்கு மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைபட்டிருப்பதாகச் சந்தேகிக்கலாம். காலையில் ஆறிய இயந்திரத்தை இயக்கி ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லுப் போல் இறுகினால், அல்லது ரேடியேட்டரில் நீர்க்குமிழிகள் இடைவிடாமல் வந்தால், கெஸ்கட்டில் கோளாறு. ஒயில் பார்க்கும் கம்பியில் பால்தேநீர் நிறம் தெரிந்தால் ஒயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த நிலையில் வாகனத்தை ஒரு அடியும் ஓட்ட வேண்டாம்.

எமது நாட்டில் சில கராஜ்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. சூடேறுகிறது என்றவுடன் தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இது மருந்தல்ல. தேர்மோஸ்டட் இல்லாத இயந்திரம் உரிய சூட்டுக்கு வர நேரமெடுக்கும், டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இயந்திரங்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியால் சுற்றி, முன்னரைவிட அதிகமாகச் சூடேறும். அதேபோல வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் உள்ளே துருப்பிடிக்க வைக்கும். கூலன்ட் கலந்து ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

பெல்ட்டா, சங்கிலியா?

பழைய ஜீப் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. மிட்சுபிஷியின் 4டி56, டொயோட்டாவின் 1கேஇசட் ஆகிய டீசல் இயந்திரங்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. மிட்சுபிஷியின் 4எம்40 இயந்திரத்தில் சங்கிலி. ரப்பரால் ஆன பெல்ட் ஓட்டத்தால் மட்டுமன்றி வயதாலும் பழுதடையும். ஓடும்போது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதும். அதன் பிறகு பெல்ட்டின் விலையை யாரும் பேசமாட்டார்கள், இயந்திரத்தின் விலையைத்தான் பேசுவார்கள். 4டி56இல் அதிர்வைக் குறைக்கும் தண்டுகளுக்கென இன்னொரு சிறு பெல்ட்டும் இருக்கிறது. அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினாலும் அதே கதிதான். ஆகவே இரண்டையும், டென்ஷனரையும் ஒரே முறையில் மாற்ற வேண்டும். பழைய சொந்தக்காரர் "போன வருசம் மாத்தினது" என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கெடுங்கள்.

புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்றுப் போதவில்லை. முதலில் எயார் பில்டரையும் டர்போ குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதன் பிறகுதான் பம்பும் இன்ஜெக்டரும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. காலையில் வரும் வெள்ளைப் புகை சிறிது நேரத்தில் நின்று, ஸ்டார்ட் ஆவதும் சிரமமென்றால் ஹீட்டர் பிளக் பழுதாக இருக்கலாம். சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் பக்கம் சந்தேகப்படுங்கள். வருடாந்த புகைப் பரிசோதனையில் சித்தியடையாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பதால், கடைசி வாரம் வரை காத்திராமல் இரண்டு மாதங்களுக்கு முன்னரே இவற்றைச் சரி பார்த்துக் கொள்ளுங்கள்.

உயிரோடு சம்பந்தப்பட்டவை

இயந்திரம் நின்றால் பணம்தான் போகும். பிரேக் நின்றால் குடும்பமே போகும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மலையிறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, மிதித்த கால் பஞ்சில் மிதித்தது போல் இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்றுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

டயரின் பூ நன்றாக இருக்கிறது என்பதற்காக ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கரையோர ஊர்களில் இருப்பவர்கள் சேர்விஸ் போடும்போது சட்டகத்தின் அடிப்பக்கத்தை அவசியம் பார்க்க வேண்டும். உப்புக் காற்று இயந்திரத்தைவிட இரும்பைத்தான் முதலில் தின்னும். வெள்ள நீரில் ஓட்டியிருந்தால் டிபரன்ஷியல் ஒயிலையும் பார்ப்பது நல்லது.

பஞ்சிகாவத்தையில் எதை வாங்கலாம்?

பழைய வாகனத்தின் உயிர் பஞ்சிகாவத்தையில் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் பாவித்த பாகமாக வாங்கக் கூடாது. கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கை, பம்பர் போன்றவற்றைப் பாவித்ததாக வாங்கலாம். பெல்ட், பிரேக் பாகங்கள், ஹோஸ், ஒயில் சீல், தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள். சசி இலக்கத்தையும் எழுதிக் கொண்டு போங்கள். விலை மலிந்த போலியை வாங்கி இரண்டு முறை கூலி கொடுப்பதைவிட நல்லதை வாங்கி ஒரு முறை கொடுப்பதே இலாபம். இது சரக்கு வாங்கி விற்கும் எமக்குத் தெரியாத பாடமல்ல.

விற்பதா, வைத்திருப்பதா?

ஹெட் வெடித்த வாரம் ஒரு புரோக்கர் வந்தார். "வெடிப்ப ஒட்டி, தண்ணி மாத்தி, ரெண்டு வாரம் ஓடுற மாதிரிச் செஞ்சு தாங்க ஹாஜி, நான் தள்ளி விடுறன்" என்றார். குறையை மறைத்து விற்ற காசு எந்தக் கல்லாவிலும் தங்காது. "வேணாம் தம்பி" என்று அனுப்பிவிட்டு, வேறு ஹெட் போட்டுத் திருத்தி வைத்துக் கொண்டேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வாகனங்களின் விலை ஏறிக் கொண்டே போனது. அன்று விற்றிருந்தால் அதே போன்ற ஒன்றை என்னால் திரும்ப வாங்கியிருக்க முடியாது. அதை என் கெட்டித்தனம் என்று சொல்லமாட்டேன். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின் போது ஜீப் வாரக்கணக்கில் அசையாமல் நின்றதில் பெட்டரி செத்தது, பின் பிரேக்கும் இறுகிக் கொண்டது. நிற்கும் வாகனமும் செலவு வைக்கும் என்பதை அப்போது படித்தேன். இப்போது ஓட்டமில்லாத வாரத்திலும் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுகிறேன். மாதத்துக்கு ஒரு முறை நான்கு சக்கர இயக்கத்தையும் மண் பாதையில் போட்டு எடுக்கிறேன். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரியோடு சேர்த்து விலையைப் பார்த்தபோது பழையதைப் பேணுவதே எனக்குச் சரியாகப்பட்டது.

ஆனால் எல்லோருக்கும் அதே முடிவு பொருந்தாது. அதற்குத்தான் கணக்கு வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, ஓடிய கிலோ மீற்றர், செய்த வேலை, போட்ட பாகம், கொடுத்த தொகை, அடித்த டீசல் ஆகியவற்றை எழுதி வாருங்கள். அதோடு ஒரு கிலோ மீற்றருக்கு இவ்வளவு என்று திருத்த வேலைக்காக ஒதுக்குங்கள். உதாரணமாக, கிலோ மீற்றருக்கு 10 ரூபா வீதம் ஒதுக்கி வருடம் 15,000 கிலோ மீற்றர் ஓடினால் 150,000 ரூபா சேரும். இரண்டு வருடத் தரவு சேர்ந்ததும் உண்மைச் செலவு தெரியும். அது வேறு வாகனத்தின் லீசிங் தவணையைவிடக் குறைவாக இருக்கும் வரை வைத்திருக்கலாம். சட்டகம் துருவில் உக்கினால், அல்லது ஒரே கோளாறு திருத்தியும் திருத்தியும் திரும்பி வந்தால், குறையைச் சொல்லி விற்றுவிடுவதே புத்தி.

என்னுடைய கொப்பியின் முதற் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: "ஊசி ஏறினால் நிறுத்து." வியாபாரத்திலும் அப்படித்தான். எச்சரிக்கை தெரியும் நேரத்தில் நிறுத்தினால் சிறு செலவோடு போகும். "இன்னும் இரண்டு வளைவுதானே" என்று போனால் ஹெட்டே போய்விடும்.